படுக்கைப் புண்: செவிலியர் அறிந்ததும் செய்வதும்

நடமாட இயலாத நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “படுத்த படுக்கையாகக் கிடந்தால் புண் வரத்தானே செய்யும்?” கேள்வியைப் போல ஒலித்தாலும் உண்மையில் இது ஒரு முடிவு. வருவது வந்தே தீரும் என்ற முடிவு. குடும்பத்தார் இப்படி எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் நோயாளியின் அருகில் இரவும் பகலும் நிற்கும் செவிலியரின் மனத்திலும் இதே எண்ணம் இருந்தால் என்ன நேரும்? படுக்கைப் புண்ணைத் தடுப்பது பற்றிச் செவிலியர்கள் எவ்வளவு அறிந்திருக்கிறார்கள், அதை எவ்வளவு முக்கியமாகக் கருதுகிறார்கள் என்பதை அளந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. அவற்றின் முடிவுகள் செவிலியர் கல்லூரிகளுக்குள்ளேயே தங்கிவிட வேண்டியவை அல்ல. நோயாளிகளும் உடனிருப்போரும் அறிந்துகொள்ள வேண்டியவை என்று கருதியே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

புண் எப்படி உண்டாகிறது

படுத்தாலும் உட்கார்ந்தாலும் நம் உடலின் எடை சில இடங்களிலேயே தாங்கப்படுகிறது. மல்லாந்து படுக்கும்போது பின்தலை, தோள்பட்டை எலும்பு, முழங்கை, இடுப்பின் பின்புற எலும்பு, குதிகால் ஆகியவை எடையைத் தாங்குகின்றன. ஒருக்களித்துப் படுத்தால் காது, தோள், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, முழங்காலின் பக்கங்கள், கணுக்கால். உட்கார்ந்தால் புட்டத்தின் அடியில் உள்ள இரண்டு எலும்புகள். இவ்விடங்களில் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்குகிறது. இரத்தக் குழாய்கள் அழுந்தி இரத்த ஓட்டம் தடைபடுகிறது. திசுக்களின் உயிரணுக்களும் உருக்குலைகின்றன. எலும்பை ஒட்டியுள்ள சதையே அதிகமாக நசுங்குவதால், கேடு பல நேரங்களில் உள்ளே தொடங்கிப் பிறகு வெளியே தெரிகிறது. தோலில் சிறு கறுப்பாகத் தெரிந்தது சில நாட்களில் ஆழமான குழியாகத் திறந்துகொள்வதைக் கண்டு, “ஒரே இரவில் வந்துவிட்டது” என்று குடும்பத்தார் கலங்குவதற்கு இதுவே காரணம். அது ஒரே இரவில் வந்ததன்று. வெளியே தெரிந்ததுதான் அன்று.

அழுத்தத்தோடு இழுவையும் சேரும். தலைப்பக்கம் உயர்த்தப்பட்ட கட்டிலில் சாய்ந்திருக்கும் நோயாளி மெல்ல மெல்லக் கீழே வழுக்குகிறார். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் கீழே இறங்குகிறது. இடையில் உள்ள சதையும் நுண்குழாய்களும் முறுக்கி இழுபடுகின்றன. வழுக்கியவரை அக்குளில் கைகொடுத்து மேலே இழுக்கும்போது தோல் விரிப்பில் உராய்கிறது. சிறுநீர், மலம், வியர்வை ஆகியவற்றால் ஊறிய தோல் இந்த உராய்வைத் தாங்காது.

உடல்நலம் உள்ளவர்களுக்கு இந்தப் புண் ஏன் வருவதில்லை? ஓரிடத்தில் அழுத்தம் மிகுந்தால் வலியோ மரப்போ தோன்றுகிறது. உறக்கத்திலும் நாம் அறியாமல் புரண்டு படுக்கிறோம். அந்த உணர்வோ புரளும் ஆற்றலோ இல்லாதவருக்கே ஆபத்து. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் பால் பிராண்ட் இதனைத் தெளிவாக எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர். தொழுநோயே சதையைத் தின்கிறது என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், பாதத்தின் புண்களுக்குக் காரணம் உணர்ச்சி இழந்த இடத்தில் அறியாமல் விழும் அழுத்தமும் அடியுமே என்று அவர் நிறுவினார். பக்கவாதம், தண்டுவடக் காயம், நீண்ட மயக்கம், கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதம் ஆகிய எல்லாவற்றிலும் இதே கதைதான். வலி என்ற காவலாளி இல்லாத உடலுக்கு வேறொருவர் காவலிருக்க வேண்டும். மருத்துவமனையில் அந்த வேறொருவர் செவிலியர்.

இருவேறு நம்பிக்கைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைப் பற்றி இரண்டு எதிரெதிர்க் கருத்துகள் நிலவின. பாரிசின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் சார்கோ, மூளையும் தண்டுவடமும் பாதிக்கப்பட்டவர்களுக்கு வரும் படுக்கைப் புண் நரம்புக் கேட்டின் நேரடி விளைவு என்றார். அதனை நெருங்கி வரும் மரணத்தின் அறிகுறியாகவும் கண்டார். அப்படியானால் மருத்துவரோ செவிலியரோ செய்வதற்கு எதுவும் இல்லை. தண்டுவடம் சிதைந்த விலங்குகளில் அழுத்தத்தையும் ஈரத்தையும் நீக்கினால் புண் வராது என்று பிரவுன்-செக்கார் என்னும் அறிஞர் 1850களிலேயே சோதனை செய்து காட்டியிருந்தார். ஆயினும் சார்கோவின் புகழ் பெரிது. அவர் கருத்து நெடுங்காலம் நின்றது.

மறுபக்கத்தில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். 1859இல் வெளிவந்த செவிலியப் பணி பற்றிய தமது நூலில், நோயாளிக்குப் படுக்கைப் புண் வந்தால் அது பெரும்பாலும் நோயின் குற்றமன்று, கவனிப்பின் குற்றம் என்ற பொருள்பட அவர் எழுதினார். செவிலியர் கையில் பெரும் ஆற்றலை ஒப்படைத்த கருத்து இது. கூடவே பெரும் பழியையும் ஒப்படைத்தது.

எங்கள் எண்ணத்தில் இவ்விரண்டும் இன்றும் மருத்துவமனைகளில் உலவிக்கொண்டிருக்கின்றன. விதி என்று நினைக்கும் செவிலியர் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதில் தளர்கிறார். பழி என்று நினைக்கும் செவிலியரோ சிவந்த தோலைக் கண்டவுடன் பதிவேட்டில் எழுதத் தயங்குகிறார்; எழுதினால் யார் மீது குற்றம் விழும் என்ற அச்சம். இரண்டினாலும் நட்டம் நோயாளிக்குத்தான். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. படுக்கைப் புண்களில் பெரும்பாலானவற்றைத் தடுக்க முடியும், எல்லாவற்றையும் அன்று. இரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்து, சற்று அசைத்தாலும் உயிருக்கு ஊறு நேரக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்கும், வாழ்வின் இறுதி நாட்களில் இருப்பவர்களுக்கும், செய்ய வேண்டிய அனைத்தையும் செய்த பிறகும் புண் வரலாம்.

விதிக் கொள்கையை உடைத்தவர்களுள் முதன்மையானவர் லுட்விக் குட்மன். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயமுற்ற போர்வீரர்களின் பிரிவை அவர் ஏற்றார். அக்காலத்தில் அத்தகையோரில் பலர் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் நச்சேறி விரைவில் இறந்துபோவது வழக்கமாக இருந்தது. குட்மன் பகலும் இரவும் இரண்டு மணிக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் திருப்பிப் படுக்கவைக்கச் செய்தார். நள்ளிரவில் தாமே வந்து பார்ப்பார். பிழைக்க மாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் சக்கர நாற்காலியில் அமர்ந்து விளையாடினார்கள். இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பிறகு 1962இல் இங்கிலாந்தின் செவிலியர் டோரீன் நார்ட்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் முதியோர் மருத்துவமனைச் செவிலியம் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். யாருக்குப் புண் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே மதிப்பெண் இட்டுக் கணிக்கும் முறை அதில்தான் பிறந்தது. உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், அசைவு, சிறுநீர் மலக் கட்டுப்பாடு என்னும் ஐந்தும் அதன் அளவுகள். இன்று பல மருத்துவமனைகளில் பயன்படும் பிரேடன் அளவுகோல் 1987இல் அமெரிக்காவில் வெளிவந்தது. உணர்ச்சி, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வும் இழுவையும் என ஆறு கூறுகள் அதில் உள்ளன. மொத்தம் 6 முதல் 23 வரை. எண் குறையக் குறைய ஆபத்து மிகுகிறது. 18உம் அதற்குக் கீழும் என்றால் ஆபத்து உண்டு எனப் பொதுவாகக் கொள்வர். உங்கள் உறவினரின் நோய்க்குறிப்பேட்டில் இந்த எண் இருக்கக்கூடும். கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

அறிவை அளந்தபோது

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமிட்ரி பீக்மனும் அவர் குழுவினரும் 2010இல் இரண்டு வினாத்தாள்களை உருவாக்கி வெளியிட்டனர். ஒன்று அறிவை அளப்பது. புண் உண்டாகும் விதம், அதன் வகைகள், ஆபத்தைக் கணித்தல், உணவு, அழுத்தத்தின் அளவைக் குறைத்தல், அழுத்தம் நீடிக்கும் நேரத்தைக் குறைத்தல் என்னும் ஆறு தலைப்புகளில் 26 கேள்விகள். மற்றொன்று மனப்பான்மையை அளப்பது. 13 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் எந்த அளவு உடன்படுகிறீர்கள் என்ற கேள்வி. அறிவில் 60 விழுக்காடும் மனப்பான்மையில் 75 விழுக்காடும் பெற்றால் போதுமானது என்று கொள்வது வழக்கம். இவ்வினாத்தாள்கள் பின்னர்ப் பல நாடுகளில் பயன்பட்டுள்ளன.

இக்குழுவினர் பெல்ஜியத்தின் 14 மருத்துவமனைகளில் 94 பிரிவுகளைத் தேர்ந்து ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். 553 செவிலியர் வினாத்தாளை நிரப்பினர். அதோடு நிற்காமல், அப்பிரிவுகளில் இருந்த 2,105 நோயாளிகளை நேரில் பார்த்து, அவர்களுக்கு உண்மையில் என்ன தடுப்பு முறைகள் செய்யப்படுகின்றன என்றும் குறித்துக்கொண்டனர். இந்த இரண்டாவது வேலைதான் ஆய்வின் சிறப்பு. தாளில் எழுதிய விடையையும் கட்டிலருகில் நடப்பதையும் ஒன்றன் அருகில் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள்.

செவிலியரின் அறிவு மதிப்பெண் சராசரி 49.6 விழுக்காடு. பாதிகூட இல்லை. மனப்பான்மை மதிப்பெண் சராசரி 71.3. நோயாளிகளில் 13.5 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு நிலையில் படுக்கைப் புண் இருந்தது. ஆபத்தில் இருந்தோர் 625 பேர். அவர்களில் படுத்திருக்கும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் முழுமையான தடுப்புக் கவனிப்பைப் பெற்றவர்கள் 87 பேர் மட்டுமே. அதாவது நூற்றுக்குப் பதினான்கு பேருக்கும் சற்றுக் குறைவு. வசதிக் குறைவான நாடு அன்று அது. நல்ல மெத்தைகளும் பயிற்சி பெற்ற செவிலியரும் உள்ள ஐரோப்பிய நாடு.

எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தது அடுத்த முடிவு. அறிவு மதிப்பெண் மிகுந்திருந்த இடத்தில் நல்ல கவனிப்பும் மிகுந்திருந்தது என்று அந்த ஆய்வால் காட்ட முடியவில்லை. ஆனால் மனப்பான்மை நன்றாக இருந்த இடத்தில் கவனிப்பும் நன்றாக இருந்தது. இதைக் கொண்டு அறிவு வேண்டியதில்லை என்று முடிவு கட்டுவது தவறு. தெரியாத ஒன்றை எவரும் செய்ய முடியாது. தெரிந்த ஒன்றைச் செய்யாமல் விட முடியும் என்பதே இங்கு நாம் பெறும் பாடம். இரவு மூன்று மணிக்கு ஒரு பிரிவில் ஊசி மருந்துகள் காத்திருக்கின்றன. ஒருவருக்கு மூச்சுத் திணறல். மற்றொருவருக்குச் சொட்டு மருந்து முடியப்போகிறது. மூலையில் அமைதியாக உறங்குபவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் வேலை எந்த இடத்தில் நிற்கும்? அது பாடநூல் அறிவால் மட்டும் தீர்மானமாவதில்லை. அந்த வேலை எவ்வளவு பெரியது என்று அந்தச் செவிலியரும் அவருடைய தலைமைச் செவிலியரும் மருத்துவரும் கருதுகிறார்கள் என்பதால் தீர்மானமாகிறது.

மனப்பான்மை என்பது வெறும் நல்லெண்ணம் அன்று. அந்த 13 கூற்றுகளும் ஐந்து செய்திகளைத் தொடுகின்றன: இதைத் தடுக்கும் திறமை எனக்கு உண்டு என்ற நம்பிக்கை, மற்ற வேலைகளுக்கிடையே இதற்குக் கொடுக்கும் முதன்மை, புண்ணால் நோயாளி படும் துன்பத்தை உணர்தல், இது என் பொறுப்பு என்று ஏற்றல், தடுப்பு முறைகள் பலன் தரும் என்ற உறுதி. இவற்றில் பொறுப்பைப் பற்றியதே சிக்கலானது என்று நாங்கள் கருதுகிறோம். நம் நாட்டு மருத்துவமனைகளில் நோயாளியைப் புரட்டுவது, துடைப்பது, டயப்பர் மாற்றுவது போன்றவற்றை உடனிருக்கும் உறவினரோ கூலிக்கு அமர்த்திய உதவியாளரோ செய்வதைப் பரவலாகக் காண்கிறோம். அப்போது செவிலியர், “வீட்டார் பார்த்துக்கொள்வார்கள்” என்று நினைக்கிறார். வீட்டாரோ, “சிஸ்டர் சொன்னால் செய்வோம்” என்று காத்திருக்கிறார்கள். இருவரும் நல்லவர்களே, இடையில் கிடப்பவரின் இடுப்பு எலும்பின் மேல் மணிகள் கடந்துகொண்டிருக்கின்றன.

புண்ணால் படும் துன்பம் பற்றியும் ஒரு சொல். முதல் நிலையில் தோல் உடையாமல் நிறம் மட்டும் மாறியிருக்கும். இரண்டாம் நிலையில் மேல்தோல் உரிந்தோ கொப்புளமாகவோ இருக்கும். மூன்றாம் நிலையில் புண் கொழுப்புவரை செல்லும். நான்காம் நிலையில் தசையோ எலும்போ தெரியும். முதல் நிலை அழுத்தத்தை நீக்கினால் சில நாட்களில் மாறிவிடக்கூடியது. நான்காம் நிலை ஆறுவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். எலும்பில் தொற்று, அறுவை சிகிச்சை, உயிருக்கே ஆபத்து என்று அது நீளலாம். முதல் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் உள்ள இடைவெளியை நீட்டுவதும் குறுக்குவதும் பார்ப்பவரின் கண்தான்.

நம் தோல் நிறத்தில் எப்படிக் கண்டறிவது

பாடநூல்களில் முதல் நிலையைச் சிவந்த தோல் என்றும், விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காத சிவப்பு என்றும் எழுதியிருப்பார்கள். வெளிறிய தோல் கொண்டோரை வைத்து எழுதப்பட்ட விளக்கம் இது. கறுத்த, மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். அழுத்தினால் வெளுக்கிறதா என்பதும் தெளிவாகத் தெரியாது. ஆகவே எங்கள் வாசகர்கள் கண்ணை மட்டும் நம்பாமல் கையையும் பயன்படுத்த வேண்டும். எலும்பு துருத்தும் இடத்தைப் பின்விரல்களால் தொட்டு, சற்றுத் தள்ளியுள்ள தோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சூடு கூடியோ குறைந்தோ இருக்கிறதா? கெட்டிப்பட்டோ, கனிந்த பழம்போல் கொழகொழவென்றோ இருக்கிறதா? சுற்றியுள்ள நிறத்தைவிடக் கறுத்தோ ஊதா படர்ந்தோ இருக்கிறதா? தொட்டால் நோயாளி முகம் சுளிக்கிறாரா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே செவிலியரிடம் சொல்லுங்கள். நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். போர்வைக்கு அடியில் கையால் துழாவிப் பார்ப்பது பார்ப்பதாகாது. மூக்கில் பொருத்திய ஆக்சிஜன் குழாய் உரசும் காதின் பின்புறம், முகக்கவசம் அழுத்தும் மூக்கின் மேடு, சிறுநீர்க் குழாய் படியும் தொடை ஆகியவற்றிலும் இதே புண் வரும். இவற்றைப் பலர் பார்ப்பதே இல்லை.

பழக்கத்தில் நிற்கும் சில முறைகள்

அறிவு வினாத்தாள்களில் செவிலியர் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் புதிய செய்திகள் அல்ல. மனத்தில் ஊறிய பழைய பழக்கங்கள். அவற்றுள் சில நம் வீடுகளிலும் அப்படியே இருக்கின்றன.

சிவந்த இடத்தை எண்ணெயோ ஸ்பிரிட்டோ தொட்டு நன்றாகத் தேய்த்துவிடுவது ஒன்று. இரத்த ஓட்டம் கூடும் என்று எண்ணி ஒரு காலத்தில் செவிலியர் பயிற்சியிலேயே இதைக் கற்பித்தார்கள். ஏற்கெனவே நலிந்த திசுவைத் தேய்ப்பது அதை மேலும் சிதைக்கும். இன்றைய வழிகாட்டுதல்கள் அவ்விடத்தைத் தேய்க்கக் கூடாது என்கின்றன. வறண்ட தோலில் ஈரப்பதக் களிம்பை மென்மையாகப் பூசுவது வேறு, அது நல்லது. டால்கம் பவுடரை அள்ளிக் கொட்டுவதும் பயன் தராது. வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி அதுவே உராயும்.

காற்று அடைத்த ரப்பர் வளையத்தின் மேல் உட்கார வைப்பது இன்னொன்று. நடுவே துளை இருப்பதால் புண் உள்ள இடம் தப்பிக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுப்பகுதிக்கு வரும் இரத்தத்தையே தடுக்கிறது. கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கும் பழக்கமும் இத்தகையதே. சிறிய பரப்பில் அழுத்தம் குவிகிறது. மாறாக, கெண்டைக்கால் முழுவதற்கும் தாங்கலாக ஒரு தலையணையை நீளவாட்டில் வைத்து, முழங்கால் சற்றே மடங்கியிருக்க, குதிகால் எதன் மேலும் படாமல் அந்தரத்தில் நிற்கச் செய்வதே சரியான முறை. ஒரு தலையணை போதும், செலவு இல்லை.

ஒருக்களித்துப் படுக்கவைக்கும்போது முழுவதுமாகப் பக்கவாட்டில் திருப்பினால் எடை முழுதும் இடுப்பின் பக்க எலும்பில் விழுகிறது. முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை அளவு சாய்த்தால் போதும். அதேபோல் கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் நெடுநேரம் உயர்த்தி வைத்தால் நோயாளி வழுக்குவார். ஆனால் மூக்குக் குழாய் வழியாக உணவு பெறுபவருக்குத் தலை உயர்ந்திருக்க வேண்டும். தாழ்த்தினால் உணவு நுரையீரலுக்குள் போகும். இரண்டு தேவைகளும் மோதும் இத்தகைய இடத்தில் நீங்களாகக் கட்டிலைத் தாழ்த்தாமல் செவிலியரைக் கேளுங்கள்.

எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்? இரண்டு மணி என்பது குட்மன் காலத்திலிருந்து வரும் மரபு. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரை இரண்டு, மூன்று, நான்கு மணி இடைவெளிகளில் திருப்பிப் பார்த்தார்கள். புண் வரும் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. இதைக் கேட்டு மகிழ்ச்சியடையும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் அனைவரும் அடர்த்தியான நல்ல நுரை மெத்தையில் படுத்திருந்தார்கள். பள்ளம் விழுந்த இலவம்பஞ்சு மெத்தைக்கும் கயிற்றுக் கட்டிலுக்கும் இந்த முடிவைப் பொருத்த முடியாது. எந்த இடைவெளி உங்கள் நோயாளிக்கு ஏற்றது என்பதை அவருடைய தோல்தான் சொல்லும். திருப்பியபின் அரைமணி கழித்தும் அழுத்தப்பட்ட இடத்தின் நிறம் மாறாமலிருந்தால், அந்த இடைவெளி அவருக்கு நீளமானது. காற்று மாறி மாறி நிரம்பும் படுக்கை வாங்கிப் போட்டிருந்தாலும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. படுக்கை பெரும் பணம் கொடுத்து வாங்கியது என்பதாலேயே அதன் மேல் எல்லாப் பொறுப்பையும் சுமத்திவிடும் வீடுகளைப் பார்க்கிறோம். மின்சாரம் நின்றால் அது வெறும் துணி.

உணவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆனால் “நோயாளிக்குக் கஞ்சிதான்” என்ற வழக்கத்தை மட்டும் கேள்வி கேட்க விரும்புகிறோம். ஊட்டம் குறைந்து புண் ஆபத்தில் இருக்கும் பெரியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவிற்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம்வரை புரதம் வேண்டும் என்பது இன்றைய பரிந்துரை. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராமுக்கும் மேல். அரிசிக் கஞ்சி அதில் சிறு பங்கையும் தராது. ஒரு முட்டை ஏறத்தாழ ஆறு கிராம் தரும். பருப்பு, மீன், தயிர், பால், வேகவைத்து மசித்த சுண்டல் என்று கஞ்சிக்குள்ளேயே சேர்க்க வழி உண்டு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

உடனிருப்போர் கேட்கத்தக்கவை

செவிலியரின் அறிவையும் மனப்பான்மையையும் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, நீங்கள் அவரைத் தேர்வு வைத்துச் சோதிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. மனப்பான்மை தனியொருவர் மனத்தில் மட்டும் உருவாவதில்லை; அதைச் சுற்றியுள்ளோரும் உருவாக்குகிறார்கள். “ஏன் அம்மாவைத் திருப்பவில்லை?” என்று கடிந்து கேட்பது ஒரு முறை. “அம்மாவைக் கடைசியாக எப்போது திருப்பினோம், சிஸ்டர்? அடுத்து எந்தப் பக்கம்? நான் கைகொடுக்கிறேன்” என்று கேட்பது வேறொரு முறை. முதல் கேள்வி செவிலியரை நைட்டிங்கேல் சொன்ன பழிக்கு முன் நிறுத்துகிறது. இரண்டாவது, திருப்புவதை இருவரின் வேலையாக ஆக்குகிறது. மறந்திருந்தால் நினைவூட்டவும் செய்கிறது.

சேர்க்கையான முதல் நாளிலேயே கேட்கத்தக்க கேள்விகள் சில உண்டு. புண் வரும் ஆபத்து இவருக்கு எவ்வளவு? தோலை யார், எப்போது பார்ப்பார்கள்? திருப்பியதை எங்கே எழுதுகிறார்கள்? இரவில் திருப்புவது யார் பொறுப்பு: செவிலியரா, உதவியாளரா, நாங்களா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கும்வரை விடாதீர்கள். மேலே சொன்ன “வீட்டார் பார்த்துக்கொள்வார்கள்” என்ற இடைவெளி அடைபடுவது அங்கேதான். கட்டிலின் தலைமாட்டில் ஒரு தாளை ஒட்டி, நேரமும் பக்கமும் எழுதி வந்தால் பணி மாறும் செவிலியருக்கும் உதவியாக இருக்கும். நாங்கள் பார்த்தவரையில் இந்த ஒரு தாள் பல விளக்கவுரைகளைவிட நன்றாக வேலை செய்கிறது.

வீட்டிலிருந்தே நோயாளி புண்ணோடு வந்திருந்தால் மறைக்காமல் முதல் மணி நேரத்திலேயே காட்டுங்கள். சிலர் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிறார்கள். யாரும் உங்களைக் குறை சொல்வதற்காக அதைக் கேட்பதில்லை. எங்கிருந்து தொடங்குகிறோம் என்று தெரிந்தால்தான் அது வளர்கிறதா ஆறுகிறதா என்று அளக்க முடியும்.

வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டோடு நின்றுவிடாமல், திருப்பும் முறையைச் செவிலியர் செய்துகாட்ட, அவர் முன்னிலையில் நீங்கள் ஒருமுறை செய்து பாருங்கள். நோயாளியின் அடியில் தோளிலிருந்து தொடைவரை எட்டும் ஒரு மடித்த விரிப்பைப் போட்டு, இருவர் இரு புறமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும், இழுக்கக் கூடாது. வீட்டில் ஒருவரே இருப்பவர் அதை முன்கூட்டியே சொன்னால், தனியாக உருட்டித் திருப்பும் முறையைக் கற்றுத்தர இயலும். சக்கர நாற்காலியில் இருப்பவர் கால்மணி முதல் அரைமணிக்கு ஒருமுறை முன்னோக்கியோ பக்கவாட்டிலோ சாய்ந்து, ஓரிரு நிமிடங்கள் புட்டத்தின் எடையை நீக்கப் பழக வேண்டும்.

புண்ணில் கருமை படர்ந்தாலோ, நாற்றம் வந்தாலோ, சீழ் வடிந்தாலோ, சுற்றியுள்ள தோல் வீங்கிச் சூடாக இருந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, நோயாளி வழக்கத்திற்கு மாறாகச் சோர்ந்து குழம்பிப் பேசினாலோ, அடுத்த மறுபரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் அன்றே அழைத்து வாருங்கள். வரும் வழியில் வண்டியில் அவரைப் புண்ணின் மேல் உட்கார வைக்காமல், மறுபக்கம் சாய்த்துப் படுக்கவைத்துக் கொண்டுவருவது நல்லது.